பட்டன் தின்ற வார்த்தை

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் குட்டியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும், இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி மனுஷன் வேளைக்குச் சாப்பிடுகிறார், செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரை சத்தமாகப் படித்து என் உயிரை வாங்குகிறார். உன் தங்கைக்கு ஆறாவது மாதம் நடக்கிறது, டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், அவளுக்குத்தான் யாரைப் பார்த்தாலும் கோபம் வருகிறது, வயிற்றில் இருக்கிற பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். போனில் சொல்ல வேண்டியதை ஏன் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியது ஏழு நிமிஷம், அதில் ஐந்து நிமிஷம் நீதான் பேசினாய். "அம்மா, பேசாம கையெழுத்த போட்டுடு, இங்கிலீஷ் இல்லாம இனிமே எங்கயும் நிக்க முடியாது, ஒலகமே அப்படித்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். நீ குறுக்கே பேசாமல் நான் சொல்வதைக் கேட்க வேண்டுமென்றால் கடிதம்தான் வழி. கையெழுத்துப் போடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் போடவில்லை என்பதை முழுசாகக் கேள்.

நீ சின்ன வயதில் ஒரே ஒரு தடவை எங்கள் லாண்டரிக்கு வந்து, நாற்றம் தாங்காமல் வாசலிலேயே நின்றுவிட்டவன், அதனால் உள்ளே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. எங்களுக்கு வருவதெல்லாம் ஆஸ்பத்திரித் துணி. நடுவில் கூரை வரைக்கும் ஒரு சுவர், அந்தச் சுவரில் பதித்த மாதிரி ஆறு பெரிய மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. இந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், இங்கே நாங்கள் துணியைத் திணித்துக் கதவைச் சாத்துவோம். துவைத்து முடிந்ததும் அந்தப் பக்கம் இருப்பவர்கள் அவர்களுடைய கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார்கள், அது வெள்ளைப் பக்கம். துவைத்த துணி மேல் அழுக்குத் துணியின் காற்றுகூடப் படக் கூடாது என்பதற்குத்தான் சுவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, பேச வேண்டுமென்றால் இடுப்பில் செருகியிருக்கிற வாக்கி டாக்கிதான், நாங்கள் சுருக்கமாக வாக்கி என்போம். என் ஜோடி வெள்ளைப் பக்கம் இருக்கிறாள். ஆள் குள்ளம், நடையில் வேகம், எல்லாரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். பதினோரு வருஷமாக அவள் குரலைக் கேட்டுத்தான் என் கை ஓடியிருக்கிறது, அவளுக்குத் தலைவலியா, வீட்டில் சண்டையா என்பதெல்லாம் அவள் "அக்கா" என்று கூப்பிடுகிற தினுசிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கம்பெனி கை மாறியது. புது முதலாளிகள் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிடமிருந்தெல்லாம் வேலை பிடிக்கிறார்களாம், பார்வையிட ஆட்கள் வருவார்களாம், அதனால் வேலை நேரத்தில் இங்கிலீஷ் மட்டும்தான், வாக்கியில் கண்டிப்பாக இங்கிலீஷ்தான் என்று மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார். அதைத் தமிழில்தான் சொன்னார், இல்லாவிட்டால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள், அதில் இருபத்துநாலு வாக்கியம், நாங்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். வாசல் பக்கம் ஒரு போர்டு, அதில் அவரவர் பெயருக்கு நேரே ஐந்து நட்சத்திரம். தமிழில் பேசினால் ஒரு நட்சத்திரம் போகும், மூன்று போனால் ஆளை ஷிப்ட் மாற்றிவிடுவார்கள். ஐம்பத்தாறு வயதில் நட்சத்திரத்துக்குப் பயந்து வேலை பார்க்கிறேன் என்று நான்கூட உன்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா. இப்போது சிரிப்பு வரவில்லை.

நாலாம் நம்பர் மெஷினுக்கு லாக் சரியில்லை. உள்ளே தண்ணீர் இருந்தால் கதவு திறக்கக் கூடாது, அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கு பத்தொன்பது நாளாகத் தண்ணீர் இருந்தாலும் பச்சையாகவே எரிந்தது. நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், சிட்டு ஒரு தடவை சொன்னாள், ஆள் வருவார் ஆள் வருவார் என்றார்கள், ஆள் வரவில்லை. அன்றைக்குக் காலையில் ஒரு தலையணை உறை தண்ணீர் போகிற வாயில் போய் அடைத்துக்கொண்டது. என் பக்கத்துப் பேனலில் பார்க்கிறேன், தண்ணீர் இறங்கவில்லை, சூடு எண்பதுக்கு மேலே நிற்கிறது. சிட்டு பக்கம் பச்சை விளக்கு எரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வாக்கியை எடுத்தேன். "தொறக்காதே" என்றுதான் என் வாயில் வந்தது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். போர்டும் நட்சத்திரமும் அந்த நேரத்தில் என் கண் முன்னால் வந்து நின்றன, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அதுதான் உண்மை. அட்டையில் பதினேழாவது வாக்கியத்தைத் தேடிப் பிடித்து, பட்டனை அமுக்கி, "டோன்ட் ஓப்பன் தி டோர்" என்று சொன்னேன். "...கே அக்கா" என்று அவளும் சொன்னது கேட்டது. அப்பாடா என்று நான் அடுத்த மூட்டையைப் பிரிக்கக் குனிந்தேன். பிறகு கேட்ட அலறல் வாக்கியில் வரவில்லை, சுவரைத் தாண்டியே வந்தது.

கொட்டின வெந்நீரில் சிட்டுவுக்கு இரண்டு காலும் முழங்கால் வரை வெந்துவிட்டது, இடது கால் ரொம்ப மோசம். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் என்னைப் பார்க்க விட்டார்கள். அவள் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் லாண்டரி முத்திரை இருந்தது, அதை உள்பக்கமாக மடித்துச் செருகிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லையடா. "ஏன் அக்கா தொறக்கச் சொன்னீங்க" என்று மட்டும் கேட்டாள். திறக்காதே என்றுதானே சொன்னேன், டோன்ட் என்று சொன்னேனே என்றேன். "இல்லக்கா, ஓப்பன் தி டோர்னுதான் கேட்டுச்சு, சத்தியமா" என்றாள். பதினோரு வருஷத்தில் அவளும் பொய் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. நாலு நாள் இதையே நினைத்து மண்டை காய்ந்தேன். ஐந்தாம் நாள் காலையில் வெள்ளைப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவள் வாக்கியில் "மார்னிங்" என்றாள். டீ நேரத்தில் அவளை நேரில் பார்த்து, ஏம்மா, குட் மார்னிங் என்று முழுசாகச் சொன்னால் என்ன என்று கேட்டேன். "முழுசாத்தான சொன்னேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டனை அமுக்கினதும் பேசினால் முதல் வார்த்தை போய்ச் சேருவதில்லை, வாக்கி விழித்துக்கொள்வதற்குள் அது போய்விடுகிறது. நாங்கள் தமிழில் பேசின காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது, "சிட்டு" என்று கூப்பிட்டால் "ட்டு" என்று கேட்கும், அதை வைத்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அப்போதெல்லாம் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் நம் பேச்சில் கூடாது என்பது கடைசியில் இருக்கிறது. தொறக்காதே என்பதில் தலையைத் தின்றுவிட்டால்கூட "க்காதே" என்று காதில் விழும். இங்கிலீஷில் அது முன்னால் நிற்கிறது, அதைத் தின்றுவிட்டால் மிச்சம் இருப்பது திற என்பதுதான்.

இதற்குள் கம்பெனிக்காரர்கள் விபத்தைப் பற்றி நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு அறிக்கை தயார் பண்ணிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா, கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து" என்றார். படிக்காமல் போட மாட்டேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்து உன் தங்கையிடம் கொடுத்தேன். அவள் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டார். நான் தெளிவாகச் சொல்லவில்லையாம், சிட்டு திரும்பக் கேட்டு உறுதி செய்யாமல் திறந்துவிட்டாளாம், இரண்டு பேருக்கும் மொழிப் பயிற்சி போதவில்லையாம். லாக்கைப் பற்றி நாலு பக்கத்தில் ஒரு எழுத்து இல்லை. அதில் நான் கையெழுத்துப் போட்டால் சிட்டு தன் காலைத் தானே வேக வைத்துக்கொண்டாள் என்று ஆகிவிடும், நாளைக்கு அவள் வேலைக்கே வர முடியாது. இந்த அறிக்கையில்தான் நீ கையெழுத்துப் போடச் சொன்னாய். உனக்கு முழுசும் தெரியாது, அதனால் உன்மேல் எனக்குக் கோபம் பாதிதான்.

என் வாக்குமூலத்தை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பாவம் தலையில் கை வைத்துக்கொண்டு, "யாரும்மா அதப் படிப்பாங்க அங்க" என்றார். படிக்கத் தெரிந்தவர்களைத் தேடட்டும் என்றேன். இதைக் கேள்விப்பட்டு எங்கள் சங்கச் செயலாளர் ஓடி வந்தார், தமிழில் எழுதுவது என்றால் தமிழாகவே எழுத வேண்டும், என்னிடம் விடுங்கள் என்று நான் எழுதினதை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் கொண்டு வந்து கொடுத்ததைப் படித்தால் எனக்கே தலை கால் புரியவில்லை. மெஷின் போய் எந்திரம் ஆகிவிட்டது, லாக் போய்த் தாழ்க்கருவி, வாக்கி போய்க் கையடக்கக் கம்பியிலாப் பேசி, பட்டன் போய்ப் பொத்தான். அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்ச் சிட்டுவிடம் படித்துக் காட்டினேன். கட்டு வலிக்க வலிக்கச் சிரித்தாள். "அக்கா, இதுல வெந்தது என் காலுதானா, வேற யாருதாவதா?" என்றாள். செயலாளரிடம் நான் மரியாதையாகத்தான் சொன்னேன். அண்ணே, உங்கள் தமிழ் அழகாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு வேலையில் இருந்தது நான், இந்தத் தாளில் பேசுகிறவள் வேறு யாரோ ஒரு அம்மா. முப்பது வருஷமாக மெஷினை, மெஷினுக்கு, மெஷினால என்று நம் வாய்க்குத் தகுந்த மாதிரி வளைத்துப் பேசிவிட்டோம், அது இனி எங்கள் சொல், யாரும் திருப்பி வாங்க முடியாது. நீங்கள் எழுதின பொத்தான்கூட ஒரு காலத்தில் கப்பலில் வந்ததுதான், ஜன்னலும் சாவியும் அப்படித்தான் என்று என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான் என்றேன். ஆமாம், உன்னைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது, இருந்தாலும் விசாரணைக்கு என் கூடவே வந்து உட்கார்ந்தார், அந்த நன்றி எனக்கு இருக்கிறது. இரவல் சொல் வேறு, வாயைப் பூட்டுவது வேறு. சொல் வருகிறதென்றால் வரட்டும், உட்காரட்டும். என் சொல்லை வெளியே போகச் சொன்னால்தான் எனக்குச் சண்டை.

புதன்கிழமை விசாரணை நடந்தது. மாடியில் அந்தக் குளிர்ந்த அறை, நீள மேஜை, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா, உன் வயதுதான் இருக்கும், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மேனேஜர் நடுவில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் சொன்னார். அந்த அம்மா அறிக்கையை என் பக்கம் தள்ளி, பேனாவைத் திறந்தே வைத்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு வாக்கி வேண்டும் என்றேன். மேனேஜர் மொழிபெயர்க்கத் தயங்கினார், செயலாளர் தொண்டையைச் செருமினார், பிறகு மேனேஜர் அதை இங்கிலீஷில் சொன்னார். ஒரு வாக்கியை அந்த அம்மா கையில் கொடுத்தேன், இன்னொன்றை மேனேஜரிடம் கொடுத்து, சார் நீங்கள் கீழே நாலாம் நம்பர் மெஷின் பக்கத்தில் போய் நின்று, தீப்பிடித்த மாதிரி அவசரமாக அந்தப் பதினேழாவது வாக்கியத்தைச் சொல்லுங்கள் என்றேன். அவர் போனார். வாக்கி கரகரத்தது. "ஓப்பன் தி டோர்" என்றது. அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த வாக்கியை வாங்கி மறுபடி சொல்லச் சொன்னேன், "ஓப்பன் தி டோர்." மூன்றாவது தடவை மட்டும் "ண்ட் ஓப்பன்" என்று கொஞ்சம் வந்தது. இப்போ தமிழில் சொல்லுங்க சார் என்றேன். "றக்காதே" என்று வந்தது, அடுத்த தடவை "க்காதே". அந்த அம்மா வாக்கியை என்னிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேனேஜர் மூச்சு வாங்க மேலே வந்ததும் அந்த அம்மா அவரிடம் ஏதோ கேட்டார், அவர் வெலவெலத்துப்போய் அதற்கும் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். தொறக்காதே என்பதில் எந்த இடம் கூடாது என்று சொல்கிறது என்று கேட்டாராம். கடைசி என்றாராம். பட்டனை அமுக்கி ஒரு நொடி பொறுத்துத்தான் பேச வேண்டும், அதுதான் முறை என்று அந்த அம்மா சொன்னது நியாயம்தான். பக்கத்தில் ஒருத்தி வேகப்போகும்போது யாரால் நொடியை எண்ண முடியும் என்று கேட்டேன். அவசரமாகப் பட்டனை விட்டால் வாலும் போகுமே என்று மேனேஜர் ஒரு கேள்வி போட்டார். சார், பயத்தில் பிடித்த கை சீக்கிரம் விடாது, என் கை அன்றைக்கு விடவே இல்லை என்றேன். அதைச் சொல்லும்போதுதான் என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது, அதுவரை மெதுவாகத்தான் பேசினேன்.

முடிவு என்னவென்றால், என் வாக்குமூலத்தை நான் எழுதின தமிழிலேயே, மெஷினும் லாக்குமாக, வாங்கிக்கொண்டார்கள். கீழே வரிக்கு வரி இங்கிலீஷில் எழுத வேண்டியது மேனேஜர் வேலை. பழைய அறிக்கையை அந்த அம்மா என் கண் முன்னாலேயே குறுக்கே கோடு போட்டு அடித்தார். லாக் கெட்டிருந்ததுதான் காரணம் என்று பதிவாகிவிட்டது, வியாழக்கிழமை ஆள் வந்து ஆறு மெஷினுக்கும் லாக்கைச் சரிபார்த்து நாலாம் நம்பருக்குப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார். சிட்டுவுக்கு வேலை இருக்கிறது, கால் ஆறின பிறகு உட்கார்ந்து மடிக்கிற இடத்தில் போடுவார்கள். இங்கிலீஷ் மட்டும் என்ற உத்தரவை இன்னும் நீக்கவில்லை, கதவு விஷயத்தில் மட்டும் அவரவர் மொழியில் பேசலாம் என்று ஒட்டியிருக்கிறார்கள். விசாரணையில் குரலை உயர்த்தினேன் என்று எனக்கு ஒரு மெமோ வந்தது, அதுவும் இங்கிலீஷில். எனக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் கொடுத்தால் பதில் தருகிறேன் என்று அதன் பின்பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மெஷினிலும் வாக்கி முழுக்கத் தமிழாகவே கேட்டது, கதவு, துணி, தண்ணீர், டீ நேரம், எல்லாம். என் இரண்டு நட்சத்திரம் போய்விட்டது, மற்றவர்களுக்கும் போகும் என்று பார்த்தால் மேனேஜர் எங்கள் பக்கம் வந்ததும் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறார், அவருக்கு அது ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அவிழ்கிறது.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்கிறேன் என்று நினைக்காதே. அது நல்ல மொழி, உனக்குச் சோறு போடுகிறது, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் உனக்கு இடம் வாங்க நான்தான் நாள் கணக்கில் நின்றேன். நின்றதோடு விட்டேனா. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது டீச்சர் சொன்னார் என்று, வீட்டில் தமிழ் பேசினால் விளையாடப் போகக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அப்பா வேலை விட்டு வந்து உன்னிடம் ஏதாவது கேட்பார், நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு எஸ், நோ என்று முடித்துக்கொள்வாய். அந்த மனுஷன் ஒரு வருஷம் பெற்ற பிள்ளையிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார், என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன். அதனால்தான் போன வாரம் மருமகள் தயங்கித் தயங்கி, பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் அத்தை, குட்டி பேசத் தாமதிக்கிறாளாம், வீட்டில் ஒரே மொழி போதுமாம், இவர் இனிமேல் இங்கிலீஷ் மட்டும்தான் என்று முடிவு பண்ணிவிட்டார் என்று சொன்னபோது எனக்குப் பகீர் என்றது. நீ அவளுக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை, நானும் உனக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. நாலு வயதுக் குழந்தைக்கு இரண்டு மொழிக்கு இடம் இருக்கும், எனக்குப் படிப்பு இல்லை, ஆனாலும் இதில் நான் விடுவதாக இல்லை. நீங்கள் இருக்கிற ஊரில் இங்கிலீஷ் அவளுக்குத் தெருவில் கிடைக்கும், பள்ளிக்கூடத்தில் கிடைக்கும், டிவியில் கிடைக்கும், நீ வேண்டாம் என்றாலும் வந்து சேரும். தமிழ் அவளுக்கு உங்கள் இரண்டு பேர் வாயிலிருந்து மட்டும்தான் வர முடியும். கலந்து பேசு, தப்பாகப் பேசு, பாதிச் சொல் இங்கிலீஷாகவே இருக்கட்டும், பேசாமல் மட்டும் இருக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள், கம்ப்யூட்டர் முன்னால் முதுகை வளைத்து உட்காராதே, மருமகளைத் திட்டாதே, இதை அவள் கோள் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. சிட்டுவுக்கு ஒரு போன் போடு, உன்னை உன் கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள், சந்தோஷப்படுவாள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை குட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டு நீ அந்த அறையை விட்டு வெளியே போய்விடு. பக்கத்தில் நின்று நான் சொல்வதை அவளுக்கு மாற்றிச் சொல்லாதே. புரியாவிட்டால் அவள் என்னைக் கேட்பாள், நான் இன்னொரு தடவை சொல்வேன், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா